இடிந்த சுவர் யாருடைய திரையில்? ஷூட்டர் கேம்களின் பிசிக்ஸ் எஞ்சின்கள் குறித்து ஓர் ஒப்பீடு

ஒவ்வொரு புதிய ஷூட்டர் கேமும் விற்பனைக்கு வருவதற்குப் பல மாதங்கள் முன்பே அதன் டிரெய்லர் வந்துவிடுகிறது. கட்டடம் சரிந்து விழும், கண்ணாடி நொறுங்கும், தூசி மேலெழும். பார்த்தவர்கள் அன்றே ஒப்பிடத் தொடங்குவார்கள். எதில் துண்டுகள் அதிகம், எதில் உடல்கள் இயல்பாகச் சரிகின்றன, எதில் நெருப்பு நிஜம்போல எரிகிறது என்று விவாதம் நீளும். முக்கியமான கேள்வி மட்டும் கேட்கப்படாமலே போகும். இடிந்த அந்தச் சுவர் ஆட்டத்தின் கணக்கில் வருகிறதா? அதன் மறைவில் நின்றவருக்கு இனிமேல் மறைவில்லை என்பது எதிராளியின் திரையிலும் உண்மைதானா? பிசிக்ஸ் எஞ்சின்களை இந்தக் கேள்வியை வைத்துத்தான் எடைபோட வேண்டும் என்பது என் வாதம். திரையில் ஆயிரம் துண்டுகள் பறக்கலாம். அவற்றில் ஒன்றுகூட ஒரு தோட்டாவைத் தடுக்காது என்றால் ஆயிரமும் அலங்காரம்.

இதைச் சோதித்துப் பார்க்க 2004ஆம் ஆண்டைப் போல வாகான ஆண்டு வேறில்லை. மார்ச்சில் ஜெர்மனியின் கிரைடெக் நிறுவனத்திடமிருந்து 'ஃபார் க்ரை' வந்தது. ஏப்ரலில் போலந்தின் பீப்பிள் கேன் ஃப்ளை உருவாக்கிய 'பெயின்கில்லர்', ஆகஸ்டில் இட் சாஃப்ட்வேரின் 'டூம் 3', நவம்பரில் ஒரு வார இடைவெளியில் பங்கியின் 'ஹேலோ 2', வால்வின் 'ஹாஃப்-லைஃப் 2'. இவற்றில் பெயின்கில்லர், ஹேலோ 2, ஹாஃப்-லைஃப் 2 மூன்றுக்கும் அடியில் இருந்தது டப்ளின் நகரத்து ஹாவோக் நிறுவனத்திடமிருந்து உரிமம் பெற்ற எஞ்சின். டூம் 3, ஃபார் க்ரை இரண்டும் தமக்கானதைத் தாமே எழுதிக்கொண்டவை. எஞ்சினின் பெயரே எல்லாவற்றையும் தீர்மானிக்கும் என்றால் ஹாவோக்கில் ஓடிய மூன்றும் ஒரே மாதிரி இருந்திருக்க வேண்டும். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மூன்று ஆட்டங்களாக அவை வந்தன.

ஏன் என்று பார்ப்பதற்கு முன், எஞ்சின் என்னதான் செய்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். அடிப்படையில் எல்லாமே ஒரே வேலையைத்தான் செய்கின்றன. நொடியை அறுபது பங்கு, அறுபத்தாறு பங்கு என்று சமமாக வெட்டிக்கொள்கின்றன. ஒவ்வொரு பங்கிலும் முதலில் எது எதற்கு அருகில் இருக்கிறது என்று மேலோட்டமாகச் சலித்து, மோத வாய்ப்பே இல்லாத ஜோடிகளைக் கழித்துவிடுகின்றன. மிஞ்சிய ஜோடிகள் உண்மையில் தொடுகின்றனவா, எந்த இடத்தில், எந்தத் திசையில் என்று அடுத்ததாகக் கணக்கிடுகின்றன. இதற்காக கில்பர்ட், ஜான்சன், கீர்த்தி மூவரும் 1988இல் வெளியிட்ட வழிமுறை இன்றும் பல எஞ்சின்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. மூன்றாவதாக, தொட்டுக்கொண்டிருப்பவை ஒன்றுக்குள் ஒன்று புகுந்துவிடாதபடி எதை எவ்வளவு தள்ள வேண்டும் என்று விடை காண்கின்றன.

இந்த மூன்றாவது கட்டம்தான் தலைவலி. தரையில் ஒரு பெட்டி மட்டும் என்றால் சுலபம். பத்துப் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், அடிப்பெட்டி தாங்க வேண்டிய விசை மேலிருக்கும் ஒன்பதையும் பொறுத்தது. அந்த ஒன்பதும் ஒன்றையொன்று பொறுத்தவை. எல்லாவற்றையும் சேர்த்துத்தான் தீர்க்க முடியும். நொடியில் அறுபதில் ஒரு பங்குக்குள், ஒளியும் ஒலியும் எதிரிகளின் நடமாட்டமும் அதே செயலியில் காத்திருக்கும்போது, முழு விடைக்கு நேரமிருக்காது. ஆகவே தோராயமாக ஒரு விடையை எடுத்து, அதைச் சில சுற்றுகள் திருத்தி, போதும் என்று நிறுத்திக்கொள்கிறார்கள். எங்கே நிறுத்துவது என்பதில்தான் எஞ்சினுக்கு எஞ்சின் வேறுபாடு. பழைய கேம்களில் சும்மா கிடக்கும் பெட்டி நடுங்கிக்கொண்டே இருக்கும், அடுக்கிய குவியல் கண்ணெதிரே மெல்லச் சரியும். பாதியில் நின்ற கணக்கு அப்படித்தான் வெளியே தெரியும். இதைச் சமாளிக்க எல்லோரும் கையாளும் உத்தி ஒன்று உண்டு. சற்று நேரம் அசையாத பொருளை எஞ்சின் தூங்க வைத்துவிடும். யாராவது இடித்தால் மட்டுமே எழுப்பும்.

இந்தத் தோராயத்தை மதிக்காமல் இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு 1998 அக்டோபரில் வெளியான 'டிரெஸ்பாஸர்' சாட்சி. 'ஜுராசிக் பார்க்' படவரிசையை ஒட்டி டிரீம்வொர்க்ஸ் இன்டராக்டிவ் தயாரித்தது. அதை முன்னின்று நடத்திய சீமஸ் பிளாக்லி முறையாக இயற்பியல் படித்தவர், ஃபெர்மி ஆய்வுக்கூடத்தில் இருந்தவர். ஆட்டக்காரருக்குத் திரையில் ஒரு கை கிடைத்தது. மவுஸால் அந்தக் கையை நீட்டி, மணிக்கட்டைத் திருப்பி, பொருளைப் பற்ற வேண்டும். கதவைத் திறப்பதும் பெட்டியை நகர்த்தி ஏறுவதும் எல்லாமே உருவகப்படுத்தப்பட்ட இயற்பியலின் வழியாகத்தான். மோதும் பெட்டிகள் ஒன்றுக்குள் ஒன்று கொஞ்சம் புகட்டும், புகுந்த அளவுக்கு ஏற்ப ஒன்றையொன்று வெளியே தள்ளட்டும் என்பது அவர்கள் எடுத்துக்கொண்ட வழிமுறை. கணினியின் வேகம் அதற்குப் போதவில்லை. பெட்டிகள் ஒட்டிக்கொண்டன, துள்ளின, சுவருக்குள் சிக்கின. விமர்சகர்கள் கிழித்துவிட்டார்கள்; விற்பனையும் விழுந்தது. ஆனாலும் அந்தக் கேமை நான் பெரிதாக மதிக்கிறேன். கையில் எடுக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் ஆட்டத்தில் அதிகாரம் இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்ற முதல் முயற்சிகளில் ஒன்று அது. எண்ணம் சரி, கணக்குதான் கைவிட்டது. பிளாக்லி பின்னர் மைக்ரோசாஃப்டில் எக்ஸ்பாக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரானார்.

டிரெஸ்பாஸர் தோற்ற இடத்தில்தான் ஹாஃப்-லைஃப் 2 ஜெயித்தது. அதன் எஞ்சினை ஹாவோக் என்று சொன்னாலும் உள்ளேயிருக்கும் நிரலின் வேர் ஜெர்மனியின் ஐபியான் என்ற சிறு நிறுவனத்தில் இருக்கிறது. 2000இல் ஹாவோக் அதை விலைக்கு வாங்கியது. வால்வ் அந்த நிரலைத் தன் தேவைக்கு ஏற்ப நிறைய மாற்றிக்கொண்டது. அவர்கள் செய்த வேலையில் என்னைக் கவர்வது பெரிய வெடிப்புகள் எதுவும் இல்லை, மேற்பரப்புப் பட்டியல் என்ற ஒரு சாதாரண உரைக்கோப்புதான். மரம், இரும்பு, பிளாஸ்டிக், கண்ணாடி, அட்டைப்பெட்டி என ஒவ்வொரு பொருளுக்கும் அதில் அடர்த்தி, உராய்வு, மீள்தன்மை எழுதப்பட்டிருக்கும். இடித்தால் என்ன சத்தம், உரசினால் என்ன சத்தம் என்பதும் அங்கேயே. அடர்த்தி ஒழுங்காக எழுதப்பட்டதால் மரப்பலகை தண்ணீரில் மிதக்கிறது, இரும்பு மூழ்குகிறது. அதற்கென்று தனியாக யாரும் காட்சி அமைக்க வேண்டியிருக்கவில்லை.

கால்வாய்ப் பகுதியில் ஒரு இடம். மேலே ஏற வேண்டும், ஏணி கிடையாது. நடுவில் தாங்கு வைத்த நீளமான பலகை ஒன்று கிடக்கிறது, பக்கத்தில் சிமென்ட் கற்கள். கற்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பலகையின் ஒரு முனையில் வைத்தால் மறுமுனை உயர்கிறது. போதுமான எடை சேர்ந்ததும் சரிவில் ஓடி மேலே தாவலாம். கற்கள் குறைந்தால் ஆட்டக்காரரின் எடைக்குப் பலகை திரும்பச் சாய்ந்துவிடும். இன்னொரு இடத்தில் நீல நிறப் பிளாஸ்டிக் பீப்பாய்களைத் தண்ணீருக்கு அடியில் தள்ளிவிட்டால் அவற்றின் மிதப்பே பலகையை உயர்த்திக் கொடுக்கும். இந்த இரண்டு இடங்களும் சின்னவைதான். ஆனால் கணக்குத் தவறிக் கற்கள் நடுங்கி உருண்டிருந்தால் ஆட்டம் அங்கேயே நின்றுபோயிருக்கும். கதையின் ஓட்டத்தையே பெட்டிகளின் நிலைத்தன்மையிடம் ஒப்படைக்கும் துணிச்சல் 2004இல் வேறு எவருக்கும் இருக்கவில்லை.

இதைப் பாடம் சொல்வதுபோல இல்லாமல் சொல்லிக்கொடுத்ததும் வால்வின் திறமை. தொடக்கத்தில் ரயில் நிலையத்தில் ஒரு காவலன் காலியான டப்பாவைத் தட்டிவிட்டு, எடுத்துக் குப்பைத்தொட்டியில் போடு என்று அதட்டுகிறான். அவமானமான காட்சிதான், ஆனால் பொருளைத் தூக்கவும் எறியவும் எப்படி என்பது அதற்குள் கைக்கு வந்துவிடுகிறது. பிறகு பொருளை இழுத்து எறியும் கிராவிட்டி கன். அடுத்து வரும் ரேவன்ஹோம் என்ற பாழூரில் தோட்டா அரிது. ரம்பத் தகடுகளும் பெயின்ட் டப்பாக்களும் எரிவாயு உருளைகளும் எங்கும் கிடக்கின்றன. கிடப்பதெல்லாம் ஆயுதம். எஞ்சின் தந்ததை ஆட்டத்தின் இலக்கணமாகவே மாற்றிவிட்டார்கள். அதே ஆண்டின் கடைசியில் இந்த எஞ்சினின் மேல் 'கேரிஸ் மாட்' முளைத்து, எந்தக் குறிக்கோளும் இல்லாமல் பொருள்களை இணைத்து விளையாடுவதே ஒரு தனிக் கேமாக வளர்ந்தது தற்செயலில்லை.

பெயின்கில்லரில் அதே ஹாவோக் என்ன செய்தது? மர முளைகளை எய்யும் துப்பாக்கி ஒன்று அதில் உண்டு. அடிபட்டவன் பறந்துபோய்ச் சுவரில் முளையோடு தொங்குவான், கைகால்கள் இயல்பாக ஆடும். அந்த நாளில் பார்த்தவர்கள் வாய் பிளந்தார்கள். ஆனால் இயற்பியல் அங்கே வருவது உயிர் போன பிறகு. வெற்றி தோல்வி முடிவான பிறகு அந்த முடிவைக் கொண்டாடும் வேலை மட்டும் அதற்குத் தரப்பட்டிருந்தது. தரமான வேலை, மறுக்கவில்லை.

டூம் 3 இவற்றில் மிகவும் வருத்தம் தருவது. அதன் நிரலை இட் சாஃப்ட்வேர் 2011 நவம்பரில் பொதுவில் வெளியிட்டதால் உள்ளே என்ன இருந்தது என்று யாரும் வாசித்துப் பார்க்கலாம். டச்சு நாட்டவரான ஜான் பால் வான் வேவரன் எழுதிய பகுதிகள் இன்றும் பாடமாக வைக்கத் தக்கவை. மூட்டுகளால் இணைந்த உடலுக்கு அதில் தனியான தீர்வு இருக்கிறது. முதன்மை மூட்டுகளை மரம்போல் கிளை பிரித்து, மூட்டுகளின் எண்ணிக்கைக்கு நேர்விகிதமான நேரத்தில் தீர்த்துவிடுகிறது; தரையில் படும் தொடுகைகளையும் உராய்வையும் தனியாகக் கையாள்கிறது. 1990களில் டேவிட் பராஃப் எழுதிய ஆய்வுகளின் வழிவந்த அணுகுமுறை இது. இவ்வளவு நேர்த்தியாகச் சரியும் உடல்கள் டூம் 3இல் எவ்வளவு நேரம் கண்ணில் படுகின்றன? செவ்வாய்க் கிரகத்து இருட்டு நடைவழியில் பேய் செத்து விழுகிறது, சில நொடிகளில் எரிந்து மறைந்துவிடுகிறது. கதைக்கு அது பொருந்தும், வரைகலைச் சுமைக்கும் நல்லது. ஆனால் அந்த அருமையான கணக்கு ஆட்டத்தில் எதையும் தீர்மானிப்பதில்லை. அடுத்த ஆண்டு வந்த கூடுதல் பகுதியில் பொருள்களை இழுத்து எறியும் கருவி ஒன்றைச் சேர்த்தார்கள். அதற்குள் ஹாஃப்-லைஃப் 2 எல்லோர் கைக்கும் போய்ச் சேர்ந்திருந்தது.

ஃபார் க்ரை வேறொரு வழியில் போனது. அன்டோன் க்னியாசெவ் எழுதிய கிரைடெக்கின் எஞ்சின் திறந்த தீவுகளுக்காக உருவானது. சரிவில் பீப்பாய் உருளும், படகு அலையில் ஆடும், ஜீப்பின் சக்கரம் மேட்டில் ஏறி இறங்கும். புதிர்கள் கிடையாது, நிலப்பரப்பே இயற்பியலுக்கு உட்பட்டிருந்தது. 2007 நவம்பரில் அதே குழுவினரின் 'கிரைசிஸ்' இதை இன்னும் தள்ளியது. குண்டு பட்ட இடத்தில் மரம் முறிந்தது, தகரக் குடிசை சரிந்து உள்ளே இருந்தவரை நசுக்கியது. தனியாள் ஆட்டத்தில் இந்த இயற்பியலுக்கு முழு அதிகாரம் இருந்தது. மல்டிபிளேயரில்? டைரக்ட்எக்ஸ் 10 சர்வர்களில் மட்டுமே சூழலை உடைக்க முடிந்தது. பழைய டைரக்ட்எக்ஸ் 9இல் சேர்ந்தவர்களுக்கு அதே மரங்கள் குண்டுக்கு அசையாமல் நின்றன.

இங்கே ஒரு விஷயத்தைச் சேர்த்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒப்பீடுகளில் இது அடிக்கடி மறக்கப்படுகிறது. இந்தக் கேம்களில் எல்லாப் பொருளும் இயற்பியலுக்குக் கட்டுப்பட்டாலும் ஆட்டக்காரர் கட்டுப்படுவதில்லை. ஹாஃப்-லைஃப் 2இன் நாயகன் எஞ்சினுக்கு 32 அங்குல அகலமும் 72 அங்குல உயரமும் கொண்ட செங்குத்துப் பெட்டி. எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தப் பெட்டி திரும்பாது, சாயாது, உருளாது. புவியீர்ப்பும் நம்முடையதில்லை. அந்தக் கேமின் இயல்பு மதிப்பு 600. ஒரு அலகை ஓர் அங்குலமாகக் கொண்டால் நொடிக்கு நொடி 15 மீட்டர் வேகம் கூடுகிறது. பூமியில் அது 9.8 மட்டுமே. 'கவுன்டர்-ஸ்ட்ரைக்'கில் 800, அதாவது பூமியைப் போல இரு மடங்கு. குதித்தவர் நிஜ ஈர்ப்பில் இறங்கினால் காற்றில் தொங்குவதுபோலக் கைக்கு மந்தமாகத் தெரியும் என்பதால் வைத்த அளவு அது. 'குவேக்' காலத்திலிருந்து வரும் தாவல் வித்தைகளும் இப்படித்தான். வேகத்தின் உச்சவரம்பை நிரல் ஆட்டக்காரர் அழுத்தும் திசையில் மட்டுமே சோதித்தது. பார்வையைத் திருப்பிக்கொண்டே பக்கவாட்டில் தாவினால் வரம்பைக் கடந்துவிடலாம். நியூட்டனுக்கு முரணான இந்த ஓட்டைதான் பல ஆயிரம் பேர் பல ஆண்டுகள் பயின்ற திறமையாக மாறியது. நிஜத்துக்கு எவ்வளவு நெருக்கம் என்பதை மட்டுமே அளவுகோலாக்கினால் இந்தக் கேம்கள் எல்லாம் தோற்றுவிடும்.

தோட்டாவும் அப்படியே. ஏகே-47இன் தோட்டா குழலை விட்டு வெளியேறும்போது நொடிக்குச் சுமார் 715 மீட்டர் வேகம். அறுபதில் ஒரு நொடியில் அது கிட்டத்தட்ட 12 மீட்டர் போய்விடும். அதை ஒரு சிறிய உருண்டையாக எஞ்சினிடம் கொடுத்தால், ஒரு கணக்கில் சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கும், அடுத்த கணக்கில் அந்தப் பக்கம் இருக்கும். நடுவில் சுவர் இருந்ததே தெரியாது. அதனால் பெரும்பாலான ஷூட்டர்களில் தோட்டா என்ற பொருளே கிடையாது. விசையை அழுத்திய கணத்தில் நேர்கோடு ஒன்று இழுக்கப்படும், அது எதில் படுகிறதோ அதற்கு அடி. 'பேட்டில்ஃபீல்ட்' போன்றவற்றில் தோட்டா பறக்கவும் தாழவும் செய்கிறது என்றாலும், அங்கேயும் பாதையைத் துண்டு துண்டான கோடுகளாக்கித்தான் சோதிக்கிறார்கள். ஷூட்டர் என்று பெயர் வாங்கிக்கொடுத்த செயலுக்கே பிசிக்ஸ் எஞ்சினின் மோதல் தீர்வு தேவைப்படவில்லை.

இனி மல்டிபிளேயர். என் அளவுகோல் கடுமையாவது இங்கேதான்.

ஒரு கெட்டிப்பொருளின் நிலையை முழுதாகச் சொல்ல இருப்பிடத்துக்கு மூன்று எண், சாய்வுக்கு நான்கு, வேகத்துக்கு மூன்று, சுழற்சிக்கு மூன்று என்று பதின்மூன்று எண்கள் வேண்டும். எண்ணுக்கு நான்கு பைட் வீதம் 52 பைட். சுவர் ஒன்று ஆயிரம் துண்டாக உடைந்து, ஒவ்வொன்றின் நிலையையும் நொடிக்கு அறுபது முறை அனுப்பினால் நொடிக்கு 31 லட்சம் பைட் ஆகிறது. அதுவும் ஒரே ஒரு ஆட்டக்காரருக்கு. சுருக்கலாம், குறைவான தடவை அனுப்பலாம், தூங்கும் துண்டுகளை விட்டுவிடலாம். அப்படியும் சுமை பெரிதுதான். நிலையை அனுப்பாமல், எல்லாக் கணினியும் ஒரே கணக்கைத் தனித்தனியே செய்து ஒரே விடைக்கு வரட்டும் என்றால் வேறு சிக்கல். தசம எண்களைக் கூட்டும் வரிசை மாறினாலே கடைசி இலக்கம் மாறும். வெவ்வேறு செயலிகளிலும் வெவ்வேறு கம்பைலர்களிலும் அந்த வரிசை ஒன்றாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. மோதல் கணக்கில் கடைசி இலக்கத்து வித்தியாசம் சில நொடிகளில் வேறு திசையில் உருளும் பீப்பாயாக வளர்ந்துவிடும்.

வால்வ் இதற்குத் தேடிய விடை, ஹாஃப்-லைஃப் 2 ஓடும் சோர்ஸ் எஞ்சினின் அமைப்பிலேயே பச்சையாகத் தெரிகிறது. மல்டிபிளேயருக்கான அசையும் பொருள்களுக்கு மூன்று நிலைகள் உண்டு. ஆட்டக்காரரைத் தடுக்கும் கெட்டியான பொருளை சர்வர் கணக்கிடும். அவரைத் தடுக்காமல் அவர் இடித்தால் நகர்ந்துகொடுக்கும் பொருளையும் சர்வரே பார்த்துக்கொள்ளும். மூன்றாவது வகை எவரையும் தடுக்காதது. அதை ஒவ்வொருவரின் கணினியும் தன் போக்கில் கணக்கிட்டுக்கொள்ளும். அதிகாரம் யாருக்கு என்ற கேள்வியைப் பொருளுக்குப் பொருள் கேட்டு எழுதிவைத்திருக்கிறார்கள். பெரிய குப்பைத்தொட்டி முதல் வகை, சின்ன பாட்டில் மூன்றாம் வகை. செத்து விழும் உடல்களும் ஆட்டக்காரரின் கணினியிலேயே கணக்கிடப்படுபவை. 'கவுன்டர்-ஸ்ட்ரைக்: சோர்ஸ்'இல் ஒரே உடல் என் திரையில் படிக்கட்டில் தலைகீழாகக் கிடக்கும்போது எதிராளியின் திரையில் படிக்குக் கீழே மல்லாந்து கிடக்கலாம். இருவரும் அதைப் பற்றிச் சண்டையிட வேண்டியதில்லை, ஏனென்றால் அந்த உடல் எதையும் மறைப்பதாக ஆட்டம் ஒப்புக்கொள்வதில்லை.

கணக்கின் சுமையைப் பணத்தால் தீர்க்கலாம் என்று நம்பியது ஏஜியா என்ற நிறுவனம். பிசிக்ஸ் கணக்குக்கென்றே தனிச் சிப், அதைத் தாங்கும் அட்டை. 2006இல் கடைகளில் சுமார் 300 டாலர். முதலில் வந்த பெரிய கேம்களில் ஒன்றான 'கோஸ்ட் ரீகான் அட்வான்ஸ்ட் வார்ஃபைட்டர்' இதன் பலவீனத்தைத் தெளிவாகக் காட்டியது. ஆட்டத்தைப் பாதிக்கும் இயற்பியல் ஹாவோக்கிடம் இருந்தது. ஏஜியா அட்டை போட்டவர்களுக்குக் கிடைத்தவை கூடுதல் தெறிப்புகளும் சில்லுகளும். வேறு வழியும் இருக்கவில்லை. அட்டை வாங்காதவரும் அதே கேமை விளையாட வேண்டும் என்றால், அட்டை கணக்கிடும் எதுவும் ஆட்டத்தை மாற்றக் கூடாது. இந்த முடிச்சை அவிழ்க்க முடியாமல் 2008 பிப்ரவரியில் ஏஜியா வரைகலை அட்டை நிறுவனமான என்விடியாவிடம் போனது. தனி அட்டைக்குப் பதில் வரைகலை அட்டை வந்தது. முடிச்சு அப்படியே இருந்தது. 'மிரர்ஸ் எட்ஜ்'இல் படபடக்கும் துணிகளும் 'பார்டர்லேண்ட்ஸ் 2'இல் வழியும் கூழும் பார்க்க அழகு, அணைத்துவிட்டாலும் ஆட்டம் மாறாது. 2025இல் ஆர்டிஎக்ஸ் 50 வரிசை அட்டைகள் பழைய 32 பிட் ஆதரவை விட்டபோது அந்தத் துணிகளும் கூழும் செயலியின் தலையில் விழுந்து ஃபிரேம் வேகத்தை நசுக்கின. ஆட்டக்காரர்கள் கோபப்பட்டார்கள், நியாயம்தான். ஆனால் அந்த அமைப்பை அணைத்துவிட்டு முன்போலவே முழு ஆட்டத்தையும் முடிக்க முடிந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஏஜியா கதையின் ஒரு கிளை மட்டும் நல்ல இடத்தில் போய் முடிந்தது. 2005இல் அது விலைக்கு வாங்கிய ஸ்வீடன் நிறுவனம் மெக்கான். அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் டென்னிஸ் குஸ்டாஃப்ஸன். அவர் பின்னாளில் உருவாக்கி 2022இல் முழுமையாக வெளியிட்ட 'டியர்டவுன்' உலகம் சிறு கனசதுரங்களால் ஆனது. எந்தச் சுவரையும் எங்கே வேண்டுமானாலும் உடைக்கலாம், உடைத்த வழியே வண்டியை ஓட்டலாம். அது ஷூட்டர் இல்லை, ஒரே ஆட்டக்காரருக்காக வெளியானது. உலகத்தில் ஒரே ஒருவர் இருக்கும்போது இயற்பியலுக்கு முழு அதிகாரம் கொடுப்பதில் யாருடைய ஒப்புதலும் தேவைப்படுவதில்லை.

ஷூட்டர்களில் இடிப்பு என்பதன் வரலாற்றில் 2001இல் வந்த வொலிஷனின் 'ரெட் ஃபேக்ஷன்' ஒரு முன்னோடி. ராக்கெட் பட்ட இடத்தில் பாறையிலிருந்து ஒரு கோளத்தை வெட்டி எடுப்பதுபோல அது குழி தோண்டியது. பேட்டில்ஃபீல்ட் வரிசையில் 2008இன் 'பேட் கம்பெனி' சுவர்களையும், 2010இல் அதன் இரண்டாம் பாகம் முழு வீடுகளையும் சரித்தது. அவை ஓடிய ஃப்ராஸ்ட்பைட் எஞ்சினில் சுவர்கள் எந்தெந்தத் துண்டுகளாகப் பெயரும் என்பது பெரும்பாலும் முன்பே வெட்டிவைக்கப்பட்டது. எந்தத் துண்டு போய்விட்டது என்று சொல்ல வலைவழியே ஓரிரு பிட்டே போதும். அதனால்தான் மல்டிபிளேயரில் தாங்கியது. 2013இல் 'பேட்டில்ஃபீல்ட் 4'இன் ஷாங்காய் கோபுரம் விழும் காட்சி உலகமெங்கும் பேசப்பட்டது. அது ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி விழும் முன்னேற்பாடு. ஆனாலும் விழுந்தபின் கூரையில் இருந்த கொடிக்கம்பம் போய்விடும், வரைபடமே மாறும். கணக்கு எளிது, அதிகாரம் பெரிது.

2015இன் 'ரெயின்போ சிக்ஸ் சீஜ்' இந்த வரிசையில் என் மதிப்பில் உச்சத்தில் நிற்கிறது. அங்கே கட்டடங்கள் விழுவதில்லை. ஒரு பலகைச் சுவரில் ஷாட்கன்னால் கையளவு ஓட்டை போடலாம், அந்த ஓட்டை வழியே அறையின் மறுமூலையில் நிற்பவரின் கணுக்காலைப் பார்க்கலாம், சுடலாம். பாதுகாக்கும் அணி எந்தச் சுவரை உலோகத் தகடால் வலுப்படுத்துவது, எதை விட்டுவைப்பது என்று ஆட்டம் தொடங்கும் முன்பே யோசிக்க வேண்டும். ஓட்டையின் வடிவம் எல்லோருக்கும் ஒன்றே. உதிர்ந்த சில்லுகள் அப்படியில்லை. அவை அவரவர் கணினியில் விழுந்தபடி கிடக்கும். இந்த எல்லைக்கோட்டில் பழுது வந்தபோதெல்லாம், ஒருவர் திரையில் பார்வையை மறைத்த சில்லு எதிராளியின் திரையில் இல்லாமல் போனபோதெல்லாம், ஆட்டக்காரர்கள் கொதித்தது சரியான இடத்தில்தான்.

வால்வ் 2023 செப்டம்பரில் வெளியிட்ட 'கவுன்டர்-ஸ்ட்ரைக் 2'இன் புகைக்குண்டும் இதே தராசில் கனக்கிறது. புகை அறையின் கனஅளவைச் சிறு கட்டங்களாக நிரப்புகிறது. கதவிடுக்கில் கசிந்து வெளியேறுகிறது, படிக்கட்டில் வழிந்து இறங்குகிறது. தோட்டா அதில் சற்று நேரம் ஒரு கீறலைத் திறக்கும், கையெறிகுண்டு ஒரு கணம் முழுவதையும் விலக்கும். பாய்ம இயக்கவியலின் கடுமையான சமன்பாடுகளை அது தீர்ப்பதில்லை. ஆனால் எல்லோரும் காண்பது ஒரே புகை. அதே நிறுவனம் 2020இல் வெளியிட்ட 'ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ்' விஆர் கேமில், பிறகு வந்த அப்டேட்டில், மதுபாட்டிலுக்குள் திரவம் தளும்பும். குலுக்கினால் நுரைக்கும். பார்ப்பவர் சத்தியம் செய்வார் உள்ளே திரவம் இருக்கிறதென்று. உண்மையில் அது பாட்டிலின் கண்ணாடியில் வரைந்துகாட்டும் ஷேடர் வித்தை. இரண்டையும் எழுதியவர்கள் திறமைசாலிகள்தான். முதலாவது ஒரு சுற்றின் வெற்றியை மாற்றுகிறது. இரண்டாவது கையில் வைத்துப் பார்த்து வியப்பதற்கு.

இப்போது களத்தில் நேரெதிராக நிற்பவை இரண்டு. பேட்டில்ஃபீல்டை உருவாக்கிய டைஸ் நிறுவனத்திலிருந்து பிரிந்துவந்த பலர் ஸ்டாக்ஹோமில் தொடங்கிய எம்பார்க் ஸ்டூடியோஸின் 'தி ஃபைனல்ஸ்', 2023 டிசம்பரில் வந்தது. கட்டடங்களின் இடிப்பு முழுவதும் சர்வரிலேயே கணக்கிடப்படுகிறது. மாடியில் இருக்கும் பணப்பெட்டியை எடுக்கக் கூரையை உடைத்துத் தளத்தோடு கீழே இறக்கிவிடலாம். விழுந்த தளம் எல்லோருக்கும் ஒரே இடத்தில் விழுகிறது. அதன் முதன்மை ஆட்டமுறையில் மொத்தம் 12 பேர். 2025 அக்டோபரில் வந்த 'பேட்டில்ஃபீல்ட் 6' ஒரே களத்தில் 64 பேரை இறக்குகிறது. முந்தைய '2042'இல் 128 வரை போய்விட்டுத் திரும்பி வந்த எண் அது. இந்த 12க்கும் 64க்கும் நடுவிலுள்ள தொலைவை நான் இயற்பியலுக்கான விலையாகவே வாசிக்கிறேன். சர்வர் ஒரு தளம் முழுவதையும் கணக்கிட்டுப் பன்னிரண்டு பேருக்கு அனுப்பும் வேலையும், டாங்கிகளும் விமானங்களும் திரியும் ஒரு நகரத்தை அறுபத்துநான்கு பேருக்கு அனுப்பும் வேலையும் ஒரே பட்ஜெட்டில் அடங்குவதில்லை. அடுத்து வரும் டிரெய்லரில் ஒரு கோபுரம் விழும்போது நான் முதலில் தேடப்போவது, அந்தக் களத்தில் எத்தனை பேர் என்ற எண்ணையும், அதே கோபுரம் இன்னொரு காணொளியில் வேறு பக்கமாக விழுகிறதா என்பதையும்தான்.